தாது வருஷத்துத் தவலை: ஒரு பரண் கணக்கு

சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டின் ஓடுகளை இறக்கிவிட்டு மாடியோடு கட்டுவது என்று பங்காளிகள் கூடி முடிவு செய்தபோது, பரணைக் காலி செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. மற்றவர்களுக்கு நேரமில்லை என்பதும், எனக்குப் பழைய சாமான்களில் ஒரு பைத்தியம் உண்டு என்பதும் காரணங்கள். நான் போய்ச் சேர்வதற்கு ஒரு வாரம் முன்பே பழைய பாத்திரம் எடுக்கும் வியாபாரி ஒருவர் வந்து, ஆளுயரத்தில் பாதி இருந்த ஒரு செப்புக் கொப்பரையையும் இரண்டு கங்காளங்களையும் எடைக்கு எடுத்துப் போயிருந்தார். அவற்றில் பெயர் வெட்டியிருந்ததா, என்ன எழுதியிருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. கிலோ எத்தனை ரூபாய் என்பது மட்டும் எல்லோருக்கும் நினைவிருந்தது. மீதி இருந்ததில் இனி ஒன்றுகூடக் கணக்கில்லாமல் வெளியே போகக்கூடாது என்று அன்றே அத்தையிடம் சொல்லி வைத்தேன். அடுத்த ஐந்து வாரங்களின் சனி, ஞாயிறுகளில் செய்ததை, செய்த தவறுகளையும் சேர்த்து, இங்கே பதிந்து வைக்கிறேன்.

முதல் நாள் எதையும் கழுவவில்லை. பரணிலிருந்து இறக்கிய ஒவ்வொன்றின் கழுத்திலும் அட்டைத் துண்டு ஒன்றை நூலில் கட்டி எண் போட்டு, பரணில் அது எந்த மூலையில், எதற்குள் இருந்தது என்பதை நோட்டில் எழுதி, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து நான்கு புறமும் படம் எடுத்தேன். எதற்குள் எது இருந்தது என்பது அப்போது வீண் வேலையாகத் தோன்றினாலும், பின்னால் பெரிய உதவியாக இருந்தது. கருவிகள் என்று பெரிதாக ஒன்றுமில்லை: 5 கிலோ வரை ஒரு கிராம் துல்லியத்தில் காட்டும் சமையலறை எலக்ட்ரானிக் தராசு, நகைக்கடையில் பயன்படுவது போன்ற சிறு தராசு, கனத்தை நுட்பமாக அளக்கும் ஒரு வெர்னியர் காலிப்பர், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒரு காந்தம், டார்ச் விளக்கு, பட்டர் பேப்பர், மிருதுவான பென்சில். ஊர் மளிகைக் கடையில் முத்திரை வைத்த ஒரு கிலோ இரும்புப் படிக்கல்லை இரவல் வாங்கித் தராசைச் சரிபார்த்துக்கொண்டேன். மொத்தம் நாற்பத்தோரு உருப்படிகள் தேறின. அவற்றுள் 17ஆம் எண் பித்தளைத் தவலை ஒன்றுதான் என் ஐந்து வாரங்களில் பாதியை விழுங்கியது.

தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் முடிவதற்குள் பொறுமை போய்விட்டது. 9ஆம் எண் கொண்ட சிறிய கூஜா கறுத்துப் போய்க் கிடந்ததைப் பார்த்து, கடையில் விற்கும் பாலிஷ் பொடியைப் போட்டு ஒரு மணி நேரம் தேய்த்தேன். கண்ணாடி போலப் பளபளத்தது. மாலை வெயிலில் திருப்பிப் பார்த்தபோது கழுத்துக்குக் கீழே புள்ளிகளாக ஏதோ எழுத்து இருந்த தடம் தெரிந்தது. உளியை மெல்லத் தட்டித் தட்டிப் புள்ளிகளால் எழுதும் பழைய பெயர் வெட்டு அது. அந்தப் புள்ளிகள் கால் மில்லிமீட்டர் ஆழம்கூட இருக்காது. ஏற்கெனவே தேய்ந்திருந்தவற்றை நான் மேலும் தேய்த்து, படிக்க முடிந்திருக்கக்கூடிய எழுத்தைப் படிக்க முடியாததாக்கியிருந்தேன். தேய்ப்பதற்கு முன் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததில் இரண்டு எழுத்துகள் மட்டும் பிடிபட்டன. அத்தை வந்து பார்த்துவிட்டு, "ஏப்பா, அப்பத்தா காலத்துல புளியும் சாம்பலும் போட்டு ஒரு வெளக்கு வெளக்கி எடுத்துருவாங்க, இம்புட்டு வெறி வெச்சுத் தேய்க்க மாட்டாங்க" என்றார். புளியும் முழுக்கச் சாது அல்ல. அதன் அமிலம் மேலே படிந்த கறையைக் கரைத்துவிடும் என்பது உண்மை. ஆனால் பித்தளையில் நெடுநேரம் ஊறவிட்டால் துத்தநாகத்தை அரித்துச் செம்பை மட்டும் விட்டுவிடும், பாத்திரம் இளஞ்சிவப்பாகத் திட்டுத் திட்டாக மாறும். தினமும் புழங்கும் பாத்திரத்துக்கு அது பாதகமில்லை. எழுத்துள்ள பழைய பாத்திரத்துக்கு நான் இனிப் புளியையும் தொடமாட்டேன்.

ஆகவே 17ஆம் எண்ணுக்கு வேறு வழி. பூந்திக்கொட்டையை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்த நுரைநீரில் மென்மையான பிரஷ்ஷால் மேல்தூசியைக் கழுவி, பருத்தித் துணியால் ஒற்றி, நிழலில் ஒரு மணி நேரமும் வெயிலில் ஒரு மணி நேரமும் காயவைத்தேன். எழுத்துப் பள்ளங்களில் இறுகியிருந்த அழுக்கைக் கூராகச் சீவிய மூங்கில் குச்சியால் மட்டுமே எடுத்தேன். ஊசியோ கத்தியோ பட்டால் அந்தக் கீறலே நாளைக்கு எழுத்தாகத் தோன்றும். களிம்பு அடர்பச்சையாகவும் கெட்டியாகவும் ஒட்டியிருந்த இடங்களை அப்படியே விட்டுவிட்டேன். வெளிர்பச்சையாகத் தூள் தூளாக உதிரும் களிம்புதான் உள்ளே தின்றுகொண்டிருப்பது. இந்தத் தவலையில் அடிப்பக்கம் ஒரே ஓர் இடத்தில்தான் அது இருந்தது. அதை மட்டும் சுரண்டி எடுத்து, ஈரம் படாத இடத்தில் தவலையை வைத்து, இரண்டு வாரம் கழித்து மீண்டும் தூள் கிளம்புகிறதா என்று பார்த்தேன். கிளம்பவில்லை.

எழுத்தைப் படிக்கக் கல்வெட்டுக்காரர்களின் வழி கைகொடுத்தது. அவர்கள் கல்லின் மேல் ஈரத்தாளை ஒற்றி மை தடவி மைப்படி எடுப்பார்கள். பித்தளையில் ஈரமும் மையும் வேண்டாம் என்று, பட்டர் பேப்பரை எழுத்தின் மேல் இறுக்கிப் பிடித்துப் பென்சிலைப் படுக்கவைத்து லேசாகத் தேய்த்தேன். பள்ளமான புள்ளிகள் வெள்ளையாகவும் சுற்றியுள்ள பரப்பு கறுப்பாகவும் தாளில் ஏறின. அத்தோடு இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பாத்திரத்தின் பரப்போடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடித்துப் படமும் எடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் கழுத்தைச் சுற்றி இரண்டு வரிகள் தெளிந்தன. மேல்வரியில் ஒரு பெண்ணின் பெயர், அது என் கொள்ளுப்பாட்டியின் பெயர். அதைத் தொடர்ந்து "தாது ௵ ஆவணி". ௵ என்பது வருஷத்துக்கான பழைய சுருக்கக் குறி. கீழ்வரியில் "௩ வீ" என்றும், சற்றே இடம்விட்டு "ய ப" என்றும் எனக்குத் தோன்றியது.

அந்த "ய" என்னை மூன்று நாள் அலைக்கழித்தது. யாருடைய தலைப்பெழுத்து என்று குடும்பத்தில் ஒவ்வொரு பெயராக யோசித்துப் பார்த்தேன். யகரத்தில் தொடங்கும் ஒருவரும் எங்கள் வம்சத்தில் இல்லை. நான்காம் நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது: அது எழுத்தே அல்ல, எண். தமிழ் எண்களில் பத்தைக் குறிக்கும் ௰ பார்வைக்கு யகரம் போலவே இருக்கும். ஒன்றுக்குரிய ௧ ககரம் போலவும், இரண்டுக்குரிய ௨ உகரம் போலவும் இருப்பதைப் போன்றதுதான் இதுவும். ஆக, கீழ்வரி 3 வீசை 10 பலம் என்று பாத்திரத்தின் எடையைச் சொல்கிறது. சென்னை மாகாணத்துப் பழைய நிறுத்தலளவில் ஒரு பலம் என்பது மூன்று ரூபாய் எடை. அந்த ரூபாய் எடைதான் தோலா, ஏறத்தாழ 11.66 கிராம். எட்டுப் பலம் ஒரு சேர், ஐந்து சேர் ஒரு வீசை. எனவே வீசைக்கு நாற்பது பலம், அதாவது 1,400 கிராமுக்கு ஓர் இம்மி குறைவு. 3 வீசை 10 பலம் என்றால் 130 பலம், 4,549 கிராம்.

தவலையைத் தராசில் வைக்கும்போது கை கொஞ்சம் நடுங்கியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். முதல் நாள் இறக்கியபோது அழுக்கோடும் உள்ளே அடைபோல் இறுகியிருந்த படிவோடும் 4,710 கிராம் இருந்தது. கழுவிக் காய்ந்தபின் 4,590. தன் கழுத்தில் எழுதி வைத்திருந்த எடைக்கு 41 கிராம் மட்டும் அதிகமாக அது நின்றது. தேய்ந்து குறைந்திருந்தால் புரிந்துகொள்ளலாம், கூடியிருப்பது எப்படி? விடை அடியில் இருந்தது. கீழ்ப்புறத்தில் ஐந்து சென்டிமீட்டர் அகலத்தில் சாம்பல் நிறப் பற்று ஒன்று, பழைய ஓட்டையை அடைத்திருந்தது. அந்தப் பற்றின் அகலத்தையும் கனத்தையும் அளந்து கணக்கிட்டதில் எடை ஏறக்குறைய அந்த அளவுக்கே வந்தது. தமிழில் ஈயம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். வெள்ளீயம் என்றால் பாத்திரத்தின் உட்புறத்தில் பூசலாம், காரீயம் என்றால் அது நஞ்சு. பற்றின் ஓரத்தில் வெள்ளைத்தாளை வைத்து அழுத்திக் கீறினேன், பென்சில் கோடு போலக் கருஞ்சாம்பல் தடம் விழுந்தது. காரீயம் அப்படித்தான் தாளில் எழுதும். ஆகையால் பற்றை எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைக்கலாமா என்று ஒரு நாள் யோசித்துவிட்டு, விட்டுவிட்டேன். இந்தத் தவலையில் இனி யாரும் சோறு வடிக்கப் போவதில்லை. யாரோ ஒரு கைவினைஞர் என்றோ செய்த அந்த அடைப்பும் தவலையின் வரலாற்றில் ஒரு வரிதான். அட்டையில் மட்டும் "காரீயப் பற்று, சமையலுக்கு ஆகாது" என்று சிவப்பு மையில் எழுதிக் கட்டினேன்.

எடை தீர்ந்தது, வருஷம் தீரவில்லை. தமிழ் வருஷங்கள் அறுபதும் சுற்றிச் சுற்றி வருபவை. தாது என்பது 1876-77ஆகவும் இருக்கலாம், 1936-37ஆகவும் இருக்கலாம், 1996-97ஆகவும் இருக்கலாம். வீசையும் பலமும் 1956ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்துக்குப் பிறகு மெட்ரிக் முறைக்கு இடம்விட்டுக் கடைகளிலிருந்து மறைந்துவிட்டதால் கடைசியது கழிந்துபோகிறது. மற்ற இரண்டில் எது? 1876 என்றால் அது தென்னிந்தியாவையே வதைத்த தாது வருஷப் பஞ்சம் தொடங்கிய ஆண்டு, எங்கள் பக்கத்துக் கிழவிகள் இன்றும் பெயர் சொல்லிப் பேசும் பஞ்சம். அந்த ஆவணியில் வாங்கிய தவலை என் கையில் இருக்கிறது என்று நினைத்தபோது, அது அப்படியே இருக்கவேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. ஆசை வந்த பிறகு பார்க்கும் சான்றெல்லாம் அந்தப் பக்கமே சாயும் என்பதால், எனக்கு எதிராக வாதாடுபவர் போல ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதினேன்.

பெயர் கொள்ளுப்பாட்டியுடையது என்பதால் 1936 என்று எளிதாகச் சொல்லிவிடலாமே என்று தோன்றும். ஆனால் எங்கள் வழக்கத்தில் பேத்திக்குப் பாட்டியின் பெயரைத்தான் வைப்பார்கள். அத்தையிடம் கேட்டபோது, "அப்பத்தாவோட அப்பத்தாவுக்கும் இதே பேருதாம்ப்பா" என்று ஒரே வார்த்தையில் என் வழியை அடைத்துவிட்டார். அறுபது வருஷம் என்பது ஏறத்தாழ இரண்டு தலைமுறை. வருஷத்தின் பெயர் எப்போது திரும்பி வருகிறதோ, கிட்டத்தட்ட அப்போதே ஆளின் பெயரும் திரும்பி வருகிறது. செய்முறையைப் பார்த்தாலும் தெளிவில்லை. மேல்பாதியும் கீழ்பாதியும் தனித்தனியாக அடித்து, வயிற்றுப் பகுதியில் பல்வரிசை போல ஒன்றுக்குள் ஒன்று கோத்துப் பற்றவைத்திருந்தார்கள். அந்தப் பல் தடம் உட்புறத்தில் லென்ஸ் இல்லாமலே தெரிகிறது. காலிப்பரால் எட்டு இடங்களில் அளந்ததில் தகட்டின் கனம் 0.9 மில்லிமீட்டரிலிருந்து 1.4 வரை ஏறி இறங்கியது, ஆகவே சுத்தியலால் அடித்துத் தட்டியது. ஆனால் கையால் அடிக்கும் தொழில் 1936இலும் உயிரோடுதான் இருந்தது. எழுத்தின் வடிவம்? லகர, ளகர, ணகர, னகர ஐகாரங்களுக்கு முன்னே சுழித்துப் போடும் பழைய கொம்பு இருந்திருந்தால், அது 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றதற்கு முந்தியது என்று மட்டும் சொல்லலாம். எனக்கு வேண்டிய அறுபது வருஷ வித்தியாசத்தை அது தீர்க்காது. தவலை தன் வாயால் சொல்லக்கூடியது அத்தனையும் சொல்லிவிட்டது, மீதி வேறெங்காவதுதான் இருக்கவேண்டும் என்று மற்ற உருப்படிகளுக்குப் போனேன்.

23ஆம் எண் ஒரு சுருக்குப்பை. அதில் பதினான்கு ரூபாய்க் காசுகள். இரண்டு காசுகளில் காதுவளையம் பற்றவைத்த தடம் இருந்ததால், மாலையிலோ தாலியிலோ கோத்திருக்கவேண்டும். காசைப் பார்த்தால் உடனே ஆண்டைப் படிப்பதுதான் எல்லோருக்கும் முதல் வேலை, அந்த ஆண்டே சில சமயம் ஏமாற்றும். விக்டோரியா ராணியின் 1862 என்று பொறித்த ரூபாய்கள் 1874 வரை அதே ஆண்டோடு அச்சடிக்கப்பட்டன. ஆண்டு மாறி மாறி வரத் தொடங்கியது அதன் பிறகுதான். 1877இலிருந்து ராணி என்ற சொல்லுக்குப் பதில் பேரரசி என்ற பட்டம் காசில் ஏறியது. எங்கள் பையில் 1862 மூன்று, 1903 இரண்டு, 1912உம் 1918உம் சேர்த்து ஐந்து, 1940களில் மூன்று, 1947 ஒன்று. 1911ஆம் ஆண்டு ஜார்ஜ் மன்னரின் மேலாடைச் சங்கிலியில் இருந்த யானை உருவம் பன்றி போலத் தெரிகிறது என்று பெரும் சலசலப்பு எழுந்து, 1912இல் யானையைத் திருத்தி வெளியிட்டார்கள். அந்தப் பன்றி ரூபாய் ஒன்று அகப்படாதா என்று பையை இரண்டு முறை கவிழ்த்துப் பார்த்தேன், அகப்படவில்லை.

வெள்ளி எது, வெறும் தோற்றம் எது என்பதற்குத் தராசும் காந்தமும் போதுமானவை. பழைய ரூபாய் ஒவ்வொன்றும் அச்சிலிருந்து வந்தபோது ஒரு தோலா, அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, அதாவது 10.69 கிராம். எங்கள் 1862 காசுகளில் மிகத் தேய்ந்தது 11.38 கிராம் காட்டியது. 1940களின் ரூபாய்களும் அதே எடைதான். ஆனால் போர்க்காலத்தில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டதால், உள்ளே இருப்பது 5.83 கிராம் மட்டுமே. எடையை நம்பி முழு வெள்ளிக் கணக்குப் போடுபவர் இங்கேதான் ஏமாறுவார். விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் வரிகளுக்கு நடுவே ஒரு பள்ளம் ஓடும், அதுதான் அடையாளம். புலி நடந்து போகும் 1947 ரூபாயில் வெள்ளியே கிடையாது, முழு நிக்கல், காந்தம் ஓடிவந்து ஒட்டிக்கொண்டது. இங்கும் ஒரு தவறு செய்தேன். 1903 காசு ஒன்றின் கறுப்பை எடுக்கப் பல்பொடி போட்டுத் தேய்த்துவிட்டேன். பின்னர் காசு சேகரிப்பவர் ஒருவரிடம் காட்டியபோது லென்ஸை வைத்த மாத்திரத்தில், தேய்த்த காசு என்று ஒதுக்கிவைத்தார். தேய்க்காத இன்னொரு 1903 காசுக்கு அவர் சொன்ன விலைக்கும், தேய்த்ததற்கு வெறும் வெள்ளிக் கணக்கில் சொன்ன விலைக்கும் இடையே இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தது. ஐந்து நிமிடப் பல்பொடிக்கு அது கொஞ்சம் அதிக விலை.

31ஆம் எண், சட்டமிட்ட லட்சுமி படம். ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் பின்னர் லோனாவ்லாவுக்கு அருகில் உள்ள மலாவ்லிக்கு இடம் மாறி, ஜெர்மானியரான ஃபிரிட்ஸ் ஷ்லைஷருக்குக் கைமாறியது. அதற்குப் பிறகும் அந்தப் படங்கள் நீண்ட காலம் அச்சாகிக்கொண்டிருந்ததால், படத்தில் ரவிவர்மாவின் பெயர் இருக்கிறது என்பதாலேயே அது அவர் காலத்தது ஆகிவிடாது. லென்ஸில் பார்க்கும்போது ஒரே சீரான வலைப்புள்ளிகள் தெரிந்தால் அது பிற்கால ஆஃப்செட் அச்சு. எங்கள் படத்தில் நிறங்கள் ஒழுங்கில்லாத மணல் துகள் போலச் சிதறி ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தன, ஆகவே கல்லில் வரைந்து அச்சிடும் பழைய கல்லச்சுதான். யாரோ புடவைக்கு ஜரிகையும் நகைக்குச் சமிக்கியும் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்து வீடுகளில் அது வழக்கம். அதைப் பிய்த்தால்தான் அசல் என்று ஒருவர் யோசனை சொன்னார், நான் காது கொடுக்கவில்லை. இராமபாணப் பூச்சி ஓரத்தைத் தின்றிருந்ததால், படத்தைக் கண்ணாடியிலிருந்து பிரித்து வைக்கவேண்டியிருந்தது. பின்பலகையின் துருப்பிடித்த ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தேன்.

பலகைக்கும் படத்துக்கும் நடுவே மடித்த தாள்கள் அண்டை கொடுத்திருந்தன. இரண்டு பழைய செய்தித்தாள் துண்டுகள், அவற்றுக்குக் கீழே நான்காக மடித்த ஒரு நீளத் தாள். மடிப்பைச் சட்டென்று விரித்தால் கிழிந்துவிடும் என்று, ஈரத்துணி வைத்த மூடிய டப்பாவுக்குள் துணியில் படாமல் ஓர் இரவு வைத்து, தாள் இளகிய பிறகு விரித்தேன். நீலக்கறுப்பு மையில், கட்டைப் பேனாவின் கனத்த எழுத்தில், தலைப்பில் பிள்ளையார் சுழி போட்ட ஒரு சீர்ச் சிட்டை அது. என் கொள்ளுப்பாட்டியின் கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டார் கொடுத்த சாமான்கள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றுக்கும் எதிரே எண்ணிக்கை, எடை, "பழசு" அல்லது "புதுசு" என்று ஒரு குறிப்பு. செப்புக் கொப்பரை 1, பழசு. கங்காளம் 2, பழசு. வியாபாரி எடைக்கு எடுத்துப்போனவை அவையாகத்தான் இருக்கவேண்டும். அந்த வரியில் சிறிது நேரம் கண் நின்றுவிட்டது. அதற்கு ஆறு வரி கீழே: "பித்தளைத் தவலை ௧, ௩ வீ ௰ ப, புதுசு." தாளின் அடியில் தாது ௵ ஆவணி என்பதோடு, பக்கத்திலேயே 1936 என்று ஆங்கில ஆண்டும் எழுதியிருந்தது.

பஞ்ச காலத்துத் தவலை கையை விட்டுப் போயிற்று. அரை மணி நேரம் வருத்தமாகத்தான் இருந்தது. அத்தைக்கோ எந்த வருத்தமும் இல்லை. "அப்பத்தாவுக்குன்னே வாங்குனதுதானே, அப்ப அதுதான் ஒசத்தி" என்று சொல்லிவிட்டுச் சிட்டையில் உள்ள மற்ற சாமான்கள் எந்தப் பங்காளி வீட்டில் இருக்கின்றன என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கிவிட்டார். மாலைக்குள் ஏழு சாமான்களுக்கு இருப்பிடம் சொன்னார். அவற்றில் இரண்டைப் போய்ப் பார்த்துப் பென்சில்படி எடுத்தேன், இரண்டிலும் எடை சிட்டையோடு ஒத்துப்போயிற்று.

விலை விசாரிக்கக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு ஒரு நாள் போனேன். பழம்பொருள் கடைகளுக்குப் பெயர்போன தெரு அது. தவலையைக் கொண்டுபோகவில்லை, படங்களையும் பென்சில்படியையும் மட்டும் எடுத்துப் போனேன். விற்க வந்தவன் என்று நினைத்த கடையில் எடைக் கணக்கைத்தான் சொன்னார்கள். வாங்க வந்தவன் போல் நடந்துகொண்ட கடையில் ஏறக்குறைய இதே அளவுள்ள பெயர் வெட்டிய தவலைக்கு அந்த எடை விலையைப்போல் நான்கு மடங்கு கேட்டார்கள். உண்மை விலை இவ்விரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. பெயரும் வருஷமும் எடையும் ஒரே பாத்திரத்தில் இருப்பதும், அதற்குச் சிட்டை ஒன்று துணை நிற்பதும் அபூர்வம் என்று மூன்றாவது கடையின் பெரியவர் சொன்னார். சிட்டையையும் சேர்த்துக் கொடுப்பதாக இருந்தால் தனி விலை பேசலாம் என்றார், அதைச் சொன்ன குரல் மற்றக் குரலை விடச் சற்றுத் தாழ்ந்திருந்தது. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

உண்மையில் விற்பது பேச்சிலேயே இல்லை. சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா மகள், கொள்ளுப்பாட்டியின் சாமான் ஒன்று தன் வீட்டில் இருக்கவேண்டும் என்று முதல் வாரத்திலேயே கேட்டிருந்தாள், எல்லோரும் இந்தத் தவலையைத்தான் அவளுக்கு என்று வைத்திருந்தார்கள். வருஷத்தைத் தீர்க்காமல் நான் விடாததற்கு அதுவும் ஒரு காரணம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி நூறு வருஷத்துக்குக் குறையாத பொருள் தொல்பொருள். அதைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. சிலைகள், ஓவியங்கள், ஓவியம் உள்ள சுவடிகள் போன்றவற்றுக்கு வீட்டில் வைத்திருப்பதற்கே பதிவு தேவை. சமையல் பாத்திரம் அந்தப் பதிவு வகையில் வராது என்றாலும், ஏற்றுமதித் தடை வயதைப் பொறுத்தது. தவலை 1876ஆக இருந்திருந்தால் சிங்கப்பூர்ப் பேச்சுக்கே இடமில்லை. 1936 என்பதால் 2036 வரை அதற்கு அந்தத் தடை இல்லை. விமான நிலையத்தில் பழைய பித்தளையைக் கண்டால் கேள்வி வரும் என்பதால், தொல்பொருள் அன்று என்ற சான்றிதழுக்கு இந்தியத் தொல்லியல் துறையிடம் விண்ணப்பிக்கத் தேவையான படங்கள், அளவுகள், பென்சில்படி, சிட்டையின் நகல் எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டுத் தயார் செய்திருக்கிறேன்.

அந்த விண்ணப்பத்துக்காகச் சட்டத்தை மறுபடி படிக்கும்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. வரலாற்று மதிப்போ இலக்கிய மதிப்போ உள்ள கையெழுத்துப் படிகளுக்கும் ஆவணங்களுக்கும் வயது வரம்பு நூறு அல்ல, எழுபத்தைந்து. 1936இன் சிட்டை அந்த வரம்பை 2011இலேயே தாண்டிவிட்டது. ஒரு கல்யாணச் சீர்க் கணக்குக்கு அப்படிப்பட்ட மதிப்பு உண்டா என்று அதிகாரி ஒருவர்தான் சொல்லவேண்டும். நான் அதைச் சோதித்துப் பார்க்கப் போவதில்லை. தவலை தன் வழியில் போகும், அதன் கணக்கு இங்கேயே இருக்கும். சிட்டையை அமிலமில்லாத தாள் உறையில் மடிக்காமல் விரித்து வைத்து, அத்தையின் டிரங்குப் பெட்டியில் காசுகளுக்கு மேலே வைத்தாயிற்று. உறையின் மேல் 42 என்று எண் போட்டிருக்கிறேன். எதற்குள் இருந்தது என்ற கட்டத்தில், 31ஆம் எண் படத்தின் பின்பலகைக்கும் படத்துக்கும் நடுவே, என்று எழுதியாகிவிட்டது.